‘வா’வில் ஏறிய குரல்

டோக்கியோவுக்குப் போய் மூன்றாவது மாதம். பிரிட்ஜ் எஞ்சினியர் வேலை: சென்னையில் எழுதும் சாஃப்ட்வேர் கோடுக்கும் ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் நடுவே நின்று பேசுவது. ஒரு கூட்டத்தில், பில் தொகை தப்பாக வந்த பிழையைச் சரிசெய்தது யார் என்று கேட்டார்கள். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தவன் நான். “வதாஷி வா நவோஷிமாஷ்தா” (நான் சரிபண்ணினேன்) என்றேன், ‘வதாஷி வா’வை மட்டும் ஓங்கி.

அறையில் பேச்சில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து தன் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

காபி மெஷின் பக்கத்தில் வைத்து சென்பை (சீனியரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) விளக்கினார். ‘வதாஷி’ என்றால் நான்; ‘வா’, ‘கா’ இரண்டும் அதன் பின்னால் ஒட்டும் சின்ன இடைச்சொற்கள். ‘யார்’ என்று கேட்டால் பதில் ‘வதாஷி கா’ என்று வர வேண்டும். ‘வா’ போட்டு, குரலையும் ஏற்றினால் அடுத்தவரோடு ஒப்பிடுவதாகிவிடும். நான் நினைத்தது ‘நான்தான் சரிபண்ணினேன்’. அவர்கள் காதில் விழுந்தது ‘நானாவது சரிபண்ணினேன்’.

இலக்கணம் புரிந்துவிட்டது, குரல்தான் படியவில்லை. எனக்கு அழுத்தம் என்றால் சத்தம். அங்கே சுருதி. டோக்கியோப் பேச்சில் சுருதி எங்கே இறங்கும் என்பது சொல்லுக்குச் சொல் ஏற்கெனவே முடிவானது. ‘அமே’யில் ‘அ’ உயர்ந்து ‘மே’ தாழ்ந்தால் மழை. தாழ்ந்து உயர்ந்தால் மிட்டாய். மழையை அழுத்திச் சொல்ல, ‘அ’வை இன்னும் மேலே கொண்டுபோய் ‘மே’யில் இன்னும் கீழே இறங்கலாம். இறங்கும் இடத்தை நகர்த்தக் கூடாது. நான் தோன்றிய இடத்தில் தட்டி, ‘நாளைக்கு மிட்டாய்’ என்று வானிலை சொல்லியிருக்கிறேன். (டோக்கியோவில் ‘ஹாஷி’ உயர்ந்து தாழ்ந்தால் சாப்பிடும் குச்சி, ஒசாகாவில் அதே மெட்டுக்குப் பாலம் என்று பொருள். பிரிட்ஜ் எஞ்சினியர் எங்கே போய் முட்டிக்கொள்வது?)

இன்னொரு சூட்சுமத்தை சென்பை வெள்ளைப்பலகையில் வரைந்தே காட்டினார். ஒரு மேடு, பிறகு நீளமாகத் தரையோடு ஒட்டிய கோடு. ‘வதாஷி கா’ மேடு. பின்னால் வரும் ‘நவோஷிமாஷ்தா’ அடங்கிப் போக வேண்டும். ‘மா’வுக்கு அடுத்து அதற்குரிய இறக்கம் இருக்கும், ஆனால் சின்னதாக. நானோ மேடைப் பேச்சாளர் மாதிரி வினைச்சொல்லையும் விடாமல் தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்குவதைவிட அடக்குவதுதான் கஷ்டம். ரயிலுக்கு நிற்கும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகினேன்.

அடுத்த மாதம் இன்னொரு பிழை. இது யாருடைய கைவேலை என்று கேட்டார்கள். “வதாஷி கா...” சுருதி பிசகவே இல்லை.