எந்தப் பாத்தியில் நடப்போகிறீர்கள்?

மனச்சோர்வுக்கான சிகிச்சை ஆய்வு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். நான் சம்பளம் வாங்குவதே முக்கியமாக ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான்: "இரண்டில் எது நல்லது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது; அதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்களை அழைக்கிறோம்." மன்னார்குடிக்கோ பாபநாசத்துக்கோ அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்றுதான் அவர் வந்திருக்கிறார்.

ஆய்வில் புது மருந்து எதுவும் இல்லை. சிலருக்கு வழக்கமான மாத்திரை. மற்றவர்களுக்கு அதே மாத்திரையோடு, பயிற்சி பெற்ற ஆலோசகருடன் வாராவாரம் பேச்சு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் அல்லாத ஆலோசகர்களைக் கொண்டு இப்படிச் செய்த ஆய்வு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்கே பலன் தெரிந்தது. காவிரிப் படுகையிலும் தெரியுமா என்பது எங்கள் கேள்வி. யார் எந்தக் குழு என்பதைக் கணினிதான் முடிவு செய்யும், மருத்துவர் அல்ல.

இந்த இடத்தில்தான் முகங்கள் மாறும். "குலுக்கல் முறை" என்று சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குலுக்கல் என்றதும் பரிசு நினைவுக்கு வருகிறது. பரிசு விழாதவர் மனம் நொந்துபோகிறார். ஏற்கெனவே நொந்து வந்தவர் வேறு. ஆடுதுறைப் பக்கத்து விவசாயி ஒருவர்தான் இதிலிருந்து என்னை மீட்டார். 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த ஊரில் இருக்கிறது; சோதனை வயல் என்பது அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் பேசினார்:

"புது ரகத்துக்கு நல்ல மண்ணாகப் பார்த்துக் கொடுத்துவிட்டால், ஜெயித்தது விதையா மண்ணா என்று தெரியாது. அதனால் பாத்தி பிரித்து, எந்தப் பாத்திக்கு எது என்பதை ஆள் தேர்ந்தெடுக்காமல் விடுகிறீர்கள். அவ்வளவுதானே? சரி, என்னை எந்தப் பாத்தியில் நடப்போகிறீர்கள்?"

அவர் சொன்னது பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். இந்த முறையே வயலில் பிறந்ததுதான். 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இதை வகுத்தார். மருத்துவத்துக்கு அது பிறகுதான் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைப் பற்றி 1948-ல் வெளியான ஆய்வு புகழ்பெற்றது. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வில் காசநோயாளிகளை இப்படித்தான் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்று தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையின் போக்கே மாறியது. இப்போதெல்லாம் நான் குலுக்கல் என்று சொல்வதில்லை. நாற்று, பாத்தி என்றே தொடங்குகிறேன்.

ஒப்புதல் படிவம் வேறு கதை. அது பக்கம் பக்கமாக நீளும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும். மனைவிக்காகத் தானே கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொல்லும் கணவர்கள் அநேகம். முடியாது என்றால் கோபம் வரும். ஒரு பெண், கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் படிவத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். நடுவில் நிறுத்தி, "எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை நிற்காது என்று போட்டிருக்கிறதே, நிஜமா?" என்றார். நிஜம் என்றேன். "அப்படியானால் இப்போதே விலகிக்கொள்கிறேன், மாத்திரையை மட்டும் கொடுங்கள்" என்று எழுந்துவிட்டார். எங்கள் மாதாந்திர அறிக்கையில் அவர் 'மறுத்தவர்' என்ற கட்டத்தில் ஓர் எண். என் கணக்கில், அந்த மாதம் ஒப்புதல் முறை ஒழுங்காக நடந்ததற்கு அவரே சான்று. தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சங்கடம்.

'முன்பு பெற்ற சிகிச்சை' என்றொரு கட்டமும் உண்டு. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியவர்கள், நாகூர் தர்காவில் இருந்துவிட்டு வந்தவர்கள் எல்லோரையும் 'இதர' என்பதில் அடைக்கிறோம். அந்தக் கட்டத்தை வடிவமைத்தவர் இந்தப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

மனச்சோர்வை அளக்கும் வினாப்பட்டியலில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. தூக்கம், பசி, களைப்பு என்று போகும்வரை பதில்கள் தடையின்றி வரும். ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் உண்டா என்பது. புதிதாகச் சேரும் ஊழியர்கள் இதை அவசரமாக, குரலைத் தாழ்த்தி, 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்க்கும் தொனியில் கேட்பார்கள். அப்படிக் கேட்கக்கூடாது. கேட்பதனால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. மற்ற எட்டைப் போலவே நேராகக் கேட்க வேண்டும். பூஜ்ஜியத்தைத் தவிர எது வந்தாலும் படிவம் ஓரமாகப் போய்விடும். அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரை அழைப்போம். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்போம். டெல்டாவில் அநேக வீடுகளில் இதற்குப் பதில் உண்டு. அதைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்க ஏற்பாடு செய்வோம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணைக் குறித்துக் கொடுப்போம். அன்றைக்கு ஆய்வுக்கு ஆள் சேர்ந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் குழுவில் எனக்குப் பிடித்த வழக்கம் அது.

மறுமதிப்பீடு செய்பவருக்கு, எதிரே இருப்பவர் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. "நீங்கள் யாரிடம் சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்று உள்ளே சொல்லாதீர்கள்" என வாசலிலேயே எச்சரித்து அனுப்புவோம். உள்ளே போனதும், "அந்த ஆலோசனைப் பெண் தங்கமானவள், ஆனால் தினமும் நடக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நடவு நாட்களில் இந்தச் சிக்கல்கூட இல்லை, ஆளே வருவதில்லை. மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்து மறுமதிப்பீட்டுத் தேதிகளை மாற்றிய ஆய்வு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு குறை எனக்கு இன்னும் தீரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வில், முடிவு கட்டுரையாக வந்ததும் கோப்பு மூடப்பட்டது. பங்கேற்றவர்களுக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு வேண்டும் என்று, மருத்துவ ஆய்வு நெறிகளை வகுக்கும், 1964-ல் பிறந்து பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. ஆடுதுறைக்காரர் வரும்போதெல்லாம், "எந்தப் பாத்தி நன்றாக விளைந்தது?" என்று கேட்கிறார், ஆய்வு முடியும்வரை சொல்ல முடியாது என்கிறேன். முடிந்ததும் ஊர் ஊராகப் போய்த் தமிழில் விளக்கிச் சொல்வதற்கென்று பட்ஜெட்டில் ஒரு தொகை சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இதை எந்தத் தலைப்பின்கீழ் காட்டுவது என்று கேட்டு நிதிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது.