இருபது காசைத் தேடி: ஒரு சேகரிப்பாளரின் நாட்குறிப்பு

5 ஜனவரி 2025, ஞாயிறு

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த நாணயங்களை இன்றுதான் முதன்முறையாக ஒரே மூச்சில் எண்ணி முடித்தேன். பதினொரு ஆல்பங்களிலும் இரண்டு பிஸ்கட் டப்பாக்களிலுமாக 1,146 இருந்தன. வங்கியில் காசாளராக இருந்த பழக்கத்தால், எந்தக் காசை என்று, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். அதன் கடைசிக் கட்டத்துக்கு ‘ஏன்’ என்று தலைப்பிட்டிருந்தேன். அந்தக் கட்டம் முக்கால்வாசி இடங்களில் காலியாக இருக்கிறது. நிரப்பிய இடங்களில் மிகுதியாகக் காணப்படுவது ‘விலை குறைவு’ என்ற சொல். அதற்கு அடுத்தது ‘என்னிடம் இல்லை’. இல்லை என்பதையே காரணமாக வைத்துக்கொண்டால் உலகத்தில் அச்சான எல்லாக் காசையும் வாங்கியாக வேண்டும் என்பது இத்தனை நாள் எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை.

இனிமேல் கடைசிக் கட்டத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் பணத்தை எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

என் சேகரிப்பிலேயே அதிகப் பெருமையோடு காட்டிவந்த காசு, ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். அதைப் பற்றி எழுதிவிடுவது நல்லது.

1835 முதல் இந்திய ரூபாய் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம் எடையில், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக அச்சாகி வந்தது. போர்க்காலத்தில், 1940இல், வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய கடைசி நல்ல வெள்ளி ரூபாய் 1939ஆம் ஆண்டிட்டது. மக்கள் கைக்கு வந்து மிஞ்சியவை மிகக் குறைவு என்பதால் அதற்கு எப்போதும் கிராக்கி. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெளியூர் வியாபாரி அதை எனக்கு 6,500 ரூபாய்க்குத் தந்தார். உண்மையான காசின் விலையில் அது ஒரு சிறு பங்குகூட இல்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன், அவருக்கு விவரம் போதாது, எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று பத்து மடங்கு பெருக்கும் லூப் என்ற சிறு கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தேன். எடை 11.64 கிராம், குறை சொல்ல முடியாது. விளிம்பும் சரியாகவே இருக்கிறது. 1940இல் வந்த, நடுவே பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு அல்ல, பழைய நேர்க்கோட்டு விளிம்புதான். எல்லாம் சரியாக இருப்பதற்குக் காரணம், அது உண்மையான வெள்ளி ரூபாய் என்பதுதான். ஆனால் 1938ஆம் ஆண்டிட்டது. எட்டின் கீழ் வட்டத்தில் இடப்பக்கத்தை யாரோ நுண்ணிய உளியால் சுரண்டி எடுத்து ஒன்பதாக்கியிருக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் மட்டும் தளம் மங்கி, இரண்டு மெல்லிய கீறல்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. தராசும் காந்தமும் இந்த வகை மோசடிக்கு முன்னால் உதவாது. ஆண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நானோ ஆண்டைப் படித்தேனே தவிர, பார்க்கவில்லை.

‘ஏன்’ கட்டத்தில் அன்று நான் எழுதியிருப்பது: ‘அரியது. மிக மலிவு.’ இந்த இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்தபோதே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

நினைவு நாணயங்களை விற்கப் பிரித்து வைத்தேன். 1964இல் வந்த நேரு ரூபாயிலிருந்து தொடங்கி, தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995இல் வெளியான திருவள்ளுவர் காசு, காமராசர், அண்ணா, பெருவுடையார் கோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்கு 2010இல் வந்த ஐந்து ரூபாய் என்று நானூறுக்கும் மேல் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நாலைந்து பிரதிகள். சந்தையில் விலை கேட்டதில் பெரும்பாலானவற்றுக்கு முகமதிப்பை ஒட்டியே சொல்கிறார்கள். கோடிக்கணக்கில் அச்சடித்ததை எல்லோரும் பத்திரப்படுத்தினால் அது எப்படி அரிதாகும்? ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை மட்டும் பேத்திக்காக நிறுத்திக்கொண்டேன்.

இதே நேரத்தில் மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அதற்குப் பல லட்சம் தருவதாக ஒரு வீடியோவில் சொல்வதாகவும், முன்பணமாகச் சிறு தொகை கட்டச் சொல்வதாகவும் கூறினார். ஒரு காசும் கட்டாதீர்கள் மாப்பிள்ளை என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பழைய காசு வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்ததை எடுத்துச் சொன்ன பிறகுதான் அரை மனதாக அடங்கினார்.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆல்பங்களைப் புரட்டும்போது கை தானாக நிற்கும் இடம் ஒன்றே ஒன்று: சென்னை ராஜதானிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803இல் வெளியிட்ட செப்புக் காசுகள். பர்மிங்காமுக்கு அருகில் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ அச்சுச்சாலையில், நீராவி இயந்திரத்தால் அடித்து, கப்பலேற்றி அனுப்பப்பட்டவை. ஒரு காசு, ஐந்து காசு, பத்து காசு, இருபது காசு என்று நான்கு அளவுகள். பெரியவற்றின் ஒரு பக்கம் இரு சிங்கங்கள் தாங்கும் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தும், கீழே ரோமன் எண்ணில் மதிப்பும். இருபது காசின் பாரசீக வாசகத்துக்கு ‘இருபது காசு நான்கு ஃபலூஸ்’ என்பது பொருள்; ஃபலூஸ் என்பது செப்புக் காசைக் குறிக்கும் பாரசீகச் சொல்.

நம் வீடுகளில் இன்றும் காசு என்றால் பணம்தான். அன்றைய சென்னைக் கணக்கில் அது ஒரு தனி அலகு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொற்காசு. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று இன்னொரு கணக்கு வேறு. 1818இல் ரூபாயை அடிப்படையாக்கிய பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒரு காசாளனுக்கு இதைவிடப் பிடித்தமான தலைவலி இருக்க முடியாது. இதற்கு நான் எழுதப்போகும் ‘ஏன்’ ஒரு வரியில் அடங்காது. அதுவே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன்.

9 மார்ச் 2025, ஞாயிறு

திருச்சியில் நாணயச் சேகரிப்பாளர்களின் மாதக் கூட்டம். வழக்கமாக உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு மேசையாக நின்று எதையாவது வாங்கிக்கொண்டே போவேன். இன்று நேராகப் பாயின் மேசைக்குப் போனேன். முப்பது ஆண்டுகளாகச் செப்புக் காசு விற்பவர். “என்ன சார், இன்னைக்கு வேகமா வர்றீங்க?” என்றார். 1803 இருபது காசு வேண்டும் என்றேன். மூன்று எடுத்து வைத்தார்.

முதலாவது புதுச் செம்பு போலப் பளபளத்தது. இருநூறு ஆண்டுச் செம்பு அப்படிப் பளபளக்காது. யாரோ வீட்டுக் குடத்தைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். செம்பின் மேல் காலம் ஏற்றிய பழுப்புத் தோல் ஒருமுறை போனால் போனதுதான். (என் அம்மா பொங்கலுக்கு முந்தைய நாள் என்னுடைய விக்டோரியா ரூபாய்கள் எட்டையும் விபூதி போட்டுத் துடைத்துப் பூஜையறையில் அடுக்கி வைத்திருந்தார். அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அழகாகத்தான் இருந்தன.) இரண்டாவதில் தங்க முலாம். சோஹோவில் மாதிரிக் காசுகளுக்கு முலாம் பூசியது உண்டுதான். ஆனால் தேய்ந்து போன சிங்கத்தின் முகத்தின் மேலும், தேய்மானத்துக்குப் பின் விழுந்த கீறலுக்குள்ளும் முலாம் சீராகப் படிந்திருந்தால், அது அண்மையில் பூசியது. மூன்றாவது நேர்மையான காசு, ஆனால் ஆண்டு முழுவதும் அழிந்திருந்தது.

மூன்றையும் திருப்பிக் கொடுத்தேன். வெறுங்கையோடு ஒரு கூட்டத்திலிருந்து வீடு திரும்பியது இதுவே முதல் முறை. பேருந்தில் உட்கார்ந்த பிறகும் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோலச் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

23 மார்ச் 2025, ஞாயிறு

கரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். அமராவதி ஆற்று மணலைச் சலித்தபோது கிடைத்தது என்று சொல்லி, மாக்கோதை என்ற சேர மன்னனின் பெயர் பொறித்த ஒரு தலை உருவக் காசையும், இராசராசனின் செப்புக் காசுகள் ஒரு கைப்பிடியையும் காட்டினார். கரூர் ஆற்றுப் படுகையில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்திருப்பது எல்லோரும் அறிந்ததே. அதனால்தான் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி வார்ப்புப் போலிகளும் வருகின்றன. இவர் காட்டிய மாக்கோதையின் தளத்தில் ஊசி முனையளவு குமிழிக் குழிகள் இருந்தன; விளிம்பில் அச்சு இரண்டும் சேர்ந்த கோட்டை அரத்தால் ராவிய தடம் தெரிந்தது. அடித்த காசில் இவை வரக் காரணமில்லை.

இராசராசன் காசுகள் உண்மையானவைதாம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், இடக்கைக்குக் கீழே நாகரியில் அரசன் பெயர். இலங்கை அரசர்களும் பின்னாளில் பின்பற்றிய அதே அமைப்பு. ஆனால் ஈர மண் இன்னும் ஒட்டியிருந்தது. நிலத்திலிருந்து கிடைக்கும் புதையலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அவரிடம் அதைச் சொன்னேன். தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

13 ஏப்ரல் 2025, ஞாயிறு

புத்தாண்டுக்காகத் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறோம். அப்பத்தாவின் காசுமாலையிலிருந்து கழற்றிய பதினான்கு வெள்ளி ரூபாய்களை அவள் காட்டினாள். ஐந்தாம் ஜார்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று அதில் இருந்தது. அரசரின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் உள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று கிளம்பிய எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்ட காசு அது. மறு ஆண்டே யானையின் துதிக்கையைத் திருத்தி அச்சிட்டார்கள். சந்தையில் பார்த்திருந்தால் அதை நான் தொட்டிருக்க மாட்டேன். அரசரின் தலைக்கு நேர் மேலே விளிம்பில் வளையத்தைப் பற்றவைத்து எடுத்த தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பை அரத்தால் ராவி மறைத்து, நல்ல காசு என்று விற்பவர்கள் உண்டு. ஆகவே வெள்ளி ரூபாயை வாங்குவதற்கு முன் பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பைச் சுழற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தத் தழும்பு எங்கள் அப்பத்தாவின் கழுத்தில் விழுந்தது. பதினான்கையும் ஒன்றாக வைத்துக்கொள், விற்காதே, துலக்காதே என்று தங்கையிடம் சொன்னேன்.

அவள் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்; இரண்டை அவனுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று விளக்க வேண்டியதாயிற்று.

11 மே 2025, ஞாயிறு

பாய் ஒரு புதிய சோதனையை வைத்தார். 1808ஆம் ஆண்டிட்ட இருபது காசு. எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லை, சிங்கத்தின் பிடரி மயிர்வரை தெரிகிறது, விலையும் 1803ஐவிடக் குறைவு. தளம் மட்டும் நுண்மணலை ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக இருந்தது. “கப்பல் காசு சார். கடல்ல கிடந்தது” என்று அவரே சொன்னார், மறைத்து விற்பவர் அல்ல.

அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் சென்னைக்குச் செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் பத்துக் காசும் இருபது காசுமாக ஏராளமாக அள்ளினார்கள். அதனால்தான் 1808இல் தேயாத காசு எளிதில் கிடைக்கிறது. முன்பெல்லாம் தேய்மானம் குறைந்தது எதுவோ அதுவே சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். தரம் என்பது வேறு, எனக்கு வேண்டியது என்பது வேறு என்பதை இந்தக் காசு எனக்குப் பிரித்துக் காட்டியது. நம் கடைத்தெருவுக்காக அடித்த காசுதான் இதுவும். ஆனால் சென்னைக் கரையைத் தொடவே இல்லை. இதைக் கொடுத்து யாரும் ஒரு படி உப்பு வாங்கியதில்லை.

இருந்தாலும் கால்மணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

22 ஜூன் 2025, ஞாயிறு

1803 இருபது காசு கிடைத்துவிட்டது, 2,400 ரூபாய். நல்ல சாக்லேட் பழுப்பு, யாரும் துலக்கவில்லை. இடப்புறச் சிங்கத்தின் முகம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, வலப்புறச் சிங்கத்துக்கு மூக்கு உண்டு. ஆண்டின் நான்கு எண்களும் தெளிவு. பாரசீக எழுத்தில் கடைசிச் சொல் பாதிதான் வாசிக்க முடிகிறது. விளிம்பில் ஆறு மணி இடத்தில் ஒரு சிறு நசுங்கல். அதைக் காட்டி நூறு ரூபாய் குறைக்கச் சொன்னேன், பாய் சிரித்தாரே தவிர, குறைக்கவில்லை.

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அவர் மேசையிலேயே நோட்டை விரித்து ‘ஏன்’ கட்டத்தை எழுதினேன். ஐந்து வரி வந்தது, பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் ஓடிவிட்டது. பாய் தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு, “இவ்வளவு எழுதுறீங்க, அந்த 1808ஐப் பத்தி ஒண்ணும் எழுதலையா சார்? இன்னும் விக்கல” என்றார். எழுத ஒன்றும் இல்லை பாய் என்றேன். பிளாஸ்டிக் உறை வேண்டாம் என்று சொல்லி, அவர் மடித்துக் கொடுத்த காகித உறையிலேயே காசை வாங்கிக்கொண்டேன், பி.வி.சி. உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு ஏறிய முப்பது காசுகள் வீட்டில் இருக்கின்றன.

ஆல்பங்கள் இப்போது மூன்று. நோட்டில் இன்றோடு 212 காசுகள். ஐந்து காசும் ஒற்றைக் காசும் இன்னும் கிடைக்கவில்லை.