கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்தேன், மைலேஜ் வரியைக் கேட்க மறந்தேன்

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். ஆஸ்பத்திரி லேப்களில் இருக்கும் பரிசோதனை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது வேலை. காலையில் டெர்பி, மதியம் நாட்டிங்ஹாம், மறுநாள் ஸ்டோக் என்று வாரத்தில் பாதி நேரம் எம்1 சாலையில்தான் போகும். அதனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே கம்பெனி கார் உண்டு. 2023 ஜூலையில் அந்தக் காரின் லீஸ் முடிந்தது. அலுவலகத்தில் கூப்பிட்டு, வேறு கார் எடுத்துக்கொள்கிறாயா, இல்லை மாதம் 450 பவுண்டு அலவன்ஸாக வாங்கிக்கொண்டு சொந்தக் கார் ஓட்டுகிறாயா என்று கேட்டார்கள். ஒரு நாள் யோசித்தேன், அவ்வளவுதான். அலவன்ஸே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் போட்ட கணக்கு தப்பில்லை, பாதிதான். பழைய கார் பெட்ரோல், லிஸ்ட் விலை 28,000 பவுண்டு, கார்பன் அளவு கிலோமீட்டருக்கு 120 கிராம். கம்பெனி காருக்கு வரி போட, லிஸ்ட் விலையில் ஒரு சதவீதத்தைச் சம்பளமாகக் கணக்கு வைப்பார்கள், அந்த அளவுக்கு அது 29 சதவீதம் என்று அட்டவணை சொல்கிறது. ஆக, வருடத்துக்கு 8,120 பவுண்டு கூடுதல் சம்பளம் வாங்கியது மாதிரி கணக்கு வைத்து, அதற்கு 20 சதவீதம் வரி, அதாவது 1,624 பவுண்டு. மாதம் 135 பவுண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சம்பளச் சீட்டில் டாக்ஸ் கோடு, அதாவது எவ்வளவு சம்பளத்துக்கு வரி இல்லை என்று சொல்லும் குறியீடு, 445எல் என்று இருக்கும். ஊரில் எல்லோருக்கும் 1257எல் என்றிருக்க நமக்கு மட்டும் ஏன் 445 என்று முதல் வருடம் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். வரியில்லாத 12,570 பவுண்டிலிருந்து 8,120 கழித்தால் 4,450, கடைசி எண்ணை வெட்டினால் 445, இவ்வளவுதான் ரகசியம்.

மின்சாரக் கார் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வருடம் மின்சாரக் கம்பெனி காருக்கு வெறும் 2 சதவீதம். அதே 28,000 பவுண்டுக்கு மின்சாரக் கார் என்றால் வருடத்துக்கு 112 பவுண்டு வரியோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீடு இரண்டாம் மாடி ஃபிளாட், சார்ஜர் மாட்ட இடமில்லை. வீட்டில் சார்ஜர் வைக்க முடிந்தவர்கள் அலவன்ஸ் பக்கம் போவதற்கு முன் இந்த வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, அலவன்ஸுக்கு வருவோம். 450 என்பது கைக்கு வரும் தொகை இல்லை. அது சம்பளத்தோடு சேர்ந்து வருகிறது, வருமான வரி உண்டு, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் உண்டு. முதலில் கைக்கு 306 பவுண்டு வந்தது. அப்புறம் நேஷனல் இன்சூரன்ஸ் 12 சதவீதத்திலிருந்து 2024 ஜனவரியில் 10, ஏப்ரலில் 8 என்று இறங்கியதில் 324 ஆனது. இதற்குள்தான் கார் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், சாலை வரி எல்லாம். இன்சூரன்ஸில் ஒரு விஷயம்: வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வருவதற்கு எடுக்கும் சாதாரண பாலிசி, ஆபீஸ் வேலையாக ஊர் ஊராகப் போவதற்குச் செல்லாது. பிசினஸ் யூஸ் தனியாகச் சேர்க்க வேண்டும். எனக்கு இது முதல் நாளே தெரிந்திருந்தது என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் மூன்றாவது வாரம் கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

காரை ஒப்படைத்த பிறகும் இரண்டு மாதம் டாக்ஸ் கோடு 445எல்லாகவே இருந்தது. கார் திரும்பிவிட்டது என்ற தகவலை அலுவலகத்தில் யாரோ அனுப்ப மறந்திருக்கிறார்கள். இல்லாத காருக்கு வரி கட்டினேன். தகவல் போனதும் பணம் திரும்பிவிட்டது, அதனால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பெரிய விஷயம் பெட்ரோல் காசு. கம்பெனி கார் இருந்தபோது ஆபீஸ் வேலையாக ஓட்டிய மைலுக்கு 15 பென்ஸ் கொடுத்தார்கள். அது சரி, ஏனென்றால் கம்பெனி காரில் டயரும் சர்வீஸும் அவர்கள் செலவு, பெட்ரோல் மட்டும்தான் நம்முடையது. சொந்தக் காருக்கு மாறிய பிறகும் அதே 15 பென்ஸ்தான். கேட்டதற்கு, “அதுக்குத்தானே அலவன்ஸ்?” என்றார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. லிட்டர் 1.45 பவுண்டு, காலனுக்கு 45 மைல் என்றால் பெட்ரோலுக்கு மட்டுமே மைலுக்குப் பதினாலரை பென்ஸுக்கு மேல் ஆகிவிடும். மிச்சம் அரை பென்ஸ்கூட இல்லை. இருந்தாலும் அலவன்ஸ் வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல்.

2024 தீபாவளி முடிந்த சனிக்கிழமை லண்டன் ஹாரோவில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாகக் கணக்காளர். பேச்சுவாக்கில் கார் கதையைச் சொன்னேன். வரி அலுவலகத்திடம் மைலேஜுக்குக் கேட்டீர்களா என்றார். “இல்லண்ணா, அதுக்குத்தான் அலவன்ஸ் தர்றாங்களே” என்றேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அந்த அலவன்ஸ் உங்கட சம்பளம். அதுக்கு வரி கட்டியாச்சு. நீங்கள் ஒரு மைல்கூட ஓடாட்டிலும் அந்த 450 வரும்தானே? பிறகு ஏன் அதையும் மைலையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறீங்கள்?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே.

விஷயம் இதுதான். சொந்தக் காரில் ஆபீஸ் வேலையாக ஓடும் மைலுக்கு, வரி இல்லாமல் இவ்வளவு கொடுக்கலாம் என்று வரி அலுவலகமான எச்எம்ஆர்சி ஓர் அளவு வைத்திருக்கிறது. 2011 ஏப்ரலில் வைத்தது, நான் விண்ணப்பித்த இரண்டு வருடங்களுக்கும் அதுதான்: முதல் 10,000 மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். கம்பெனி அந்த அளவுக்குக் குறைவாகக் கொடுத்தால், குறைகிற தொகைக்கு நாம் வரிச்சலுகை கேட்கலாம். அப்படிக் குறையைக் கணக்கிடும்போது மைலுக்கு என்று கொடுத்த பணத்தை மட்டும்தான் கழிக்க வேண்டும். மாதாமாதம் மொத்தமாக வரும் அலவன்ஸை அதில் கழிக்கக் கூடாது, ஏனென்றால் அது ஏற்கெனவே சம்பளமாகி, வரியும் போய்விட்டது. அலுவலகத்தில் “அதுக்குத்தானே அலவன்ஸ்” என்றது அவர்கள் எங்களுக்குக் கொடுப்பதைப் பற்றிய பேச்சு. நான்தான் அதை வரிச் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் எதிர்ப்பக்கம் தவறுகிறவர்களும் உண்டு. 45க்கு 15 கொடுத்தார்கள், மீதி 30 பென்ஸை அரசாங்கம் கையில் கொடுக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. அந்த 30 பென்ஸுக்கு உண்டான வரிதான் திரும்பும். 20 சதவீத அடுக்கில் இருக்கும் எனக்கு மைலுக்கு 6 பென்ஸ், 40 சதவீதத்தில் இருப்பவருக்கு 12. பத்தாயிரம் தாண்டினால் 25க்கும் 15க்கும் நடுவில் வெறும் 10 பென்ஸ், அதில் எனக்கு 2 பென்ஸ். நேஷனல் இன்சூரன்ஸ் இதில் திரும்பாது.

என் கணக்கு: 2023 ஜூலையிலிருந்து, வரி வருடம் முடியும் 2024 ஏப்ரல் 5 வரை 7,960 மைல். 45 பென்ஸ் கணக்கில் 3,582 பவுண்டு, கம்பெனி கொடுத்தது 1,194, வித்தியாசம் 2,388, அதில் 20 சதவீதம் 477 பவுண்டு 60 பென்ஸ். நான் கேட்காமல் விட்டது இவ்வளவு. நான்கு வருடம் பின்னால் போய்க் கேட்கலாம் என்பதால் தொலைந்து போகவில்லை.

கேட்பதற்கு பி87 என்று ஒரு படிவம். படிவம் சுலபம், ஆதாரம்தான் உயிரை வாங்கியது. 2024 அக்டோபரிலிருந்து இந்தப் படிவத்தோடு மைலேஜ் பதிவையும் இணைத்து அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம், புறப்பட்ட இடத்தின் போஸ்ட்கோடு, போய்ச் சேர்ந்த இடத்தின் போஸ்ட்கோடு. நான் அப்படி எதுவுமே எழுதி வைத்திருக்கவில்லை. கம்பெனிக்கு அனுப்பும் செலவுப் பட்டியலில் “டெர்பி, 62 மைல்” என்று இருக்கும், அவ்வளவுதான். நல்லவேளை, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதி ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவது வழக்கம், தேதியும் முகவரியும் அதில் உண்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ரிப்போர்ட்டையும் காலண்டரையும் வைத்துக்கொண்டு ஒன்பது மாதப் பயணத்தை எக்செல்லில் ஏற்றினேன். மனைவி பக்கத்தில் இருந்து போஸ்ட்கோடு படித்துச் சொன்னாள். அந்த 477இல் பாதி அவளுக்கு என்று ஒப்பந்தம்.

அப்படி ஏற்றும்போதுதான் எது கணக்கில் வரும், எது வராது என்று தெளிவானது. திங்கட்கிழமை காலையில் நான் முதலில் எங்கள் டிப்போவுக்குப் போக வேண்டும், அது என் நிரந்தர வேலை இடம். அந்த மைல் வராது, அது வீட்டிலிருந்து ஆபீஸ் போவது. டிப்போவிலிருந்து நாட்டிங்ஹாம் போனால் வரும். வீட்டிலிருந்து நேராக ஸ்டோக் போனாலும் வரும். ஆனால் டிப்போவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்து நேராகப் போய்விட்டு அதைக் கணக்கில் ஏற்றினால் அது ஏமாற்று, தினமும் போகும் அதே வழிதானே. அப்படி ஒரு முந்நூறு மைலை நானே வெட்டினேன். ஒரு வாரம் என் கார் கராஜில் இருந்ததால் மனைவி காரில் போனேன். ஓட்டியது கம்பெனி கார் இல்லையென்றால் சரிதான், அதுவும் சேர்ந்தது. பயிற்சிக்கு வந்த பையனை உடன் அழைத்துப்போன நாட்களுக்கு மைலுக்கு 5 பென்ஸ் கம்பெனி வரியில்லாமல் கொடுக்கலாம். கொடுக்கவில்லை என்றால் அதற்கு நாம் சலுகை கேட்க முடியாது, இது மட்டும் ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை.

பணம் வந்தது. கூடவே டாக்ஸ் கோடு 1495எல் என்று மாறியது, இந்த வருடமும் அதே 2,388 இருக்கும் என்று அவர்களாகவே சேர்த்துவிட்டார்கள். 445இல் கிடந்தவன் 1495 ஆனதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் வேலை மாறி மைல் குறைந்தால் இதைச் சொல்லித் திருத்த வேண்டும், இல்லையென்றால் பின்னால் கட்ட வேண்டி வரும்.

2024-25இல் முழு வருடம், 14,180 மைல். 4,500ம் 1,045ம் சேர்த்து 5,545 பவுண்டு, கம்பெனி கொடுத்தது 2,127, வித்தியாசம் 3,418. இங்கே ஒரு முடிச்சு: 2,500 பவுண்டைத் தாண்டினால் பி87 ஆகாது, வருடக் கணக்கை நாமே தாக்கல் செய்யும் செல்ஃப் அசெஸ்மென்ட்தான். அக்டோபர் 5க்குள் பதிவு செய்துவிட்டு, வேலை பற்றிய பக்கத்தில் 17ஆம் பெட்டியில் எழுதினேன். மொத்தச் சலுகை 683 பவுண்டு 60 பென்ஸ், அதில் பெரும்பகுதி கோடு மூலமாக முன்னாலேயே வந்துவிட்டதால் கடைசியில் 206 பவுண்டுதான் புதிதாக வந்தது. ஹாரோ அண்ணருக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார், மைசூர்பாகை மறுக்கவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். நேஷனல் இன்சூரன்ஸ் விதி வேறு. அதில் பத்தாயிரம் என்ற வரம்பே கிடையாது, எல்லா மைலுக்கும் 45 பென்ஸ். அதோடு லாயிங் ஓ'ரூர்க், வில்மாட் டிக்சன் என்ற இரண்டு கட்டுமானக் கம்பெனிகளின் வழக்கில், 2023இல் அப்பர் டிரிப்யூனல் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அவர்கள் கொடுத்த கார் அலவன்ஸை வாகனச் செலவுக்கான பணமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அதாவது மைலுக்குக் கொடுத்ததுபோக 45 பென்ஸில் மிச்சம் இருக்கும் அளவுக்கு, அலவன்ஸுக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் கிடையாது. வருமான வரிக்கு அலவன்ஸ் சம்பளம், நேஷனல் இன்சூரன்ஸுக்கு அதே அலவன்ஸ் கார் செலவு. படித்துவிட்டு நானும் இரண்டு முறை தலையைச் சொறிந்தேன். ஆனால் இதை நாமாக எழுதிக் கேட்கிற மாதிரி இல்லை, கம்பெனி பேரோல் வழியாகத்தான் நகர வேண்டும். அவர்கள் பங்குக்குக் கட்டிய பணமும் திரும்புமே என்று ஆசை காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன். “பார்த்துச் சொல்கிறோம்” என்று பதில் வந்தது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.