பிரியதத்தத்தினாலே

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். சாமல்பட்டி ஸ்டேஷனில் பாசஞ்சருக்குக் காத்திருந்தபோதே ஆயா இடுப்புச் சுருக்கிலிருந்து செபமாலையை உருவிவிட்டாள். வயது எண்பதைத் தாண்டியாயிற்று. போன வருஷம் முட்டி வலியால் பள்ளிப்பட்டி லூர்து மாதா கோவிலுக்குப் போக முடியாததை மாதாவிடம் பட்ட கடன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த வாட்டி எப்படியாவது கூட்டிட்டுப் போயிருடா சாமி" என்று தை பிறந்ததிலிருந்தே நச்சரிப்பு. எங்கள் வீட்டில் பேரனும் சாமி, பங்குச் சாமியாரும் சாமி, மேலே இருக்கிறவரும் சாமி. யாரைக் கூப்பிடுகிறாள் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தொட்டம்பட்டி, மொரப்பூர், புட்டிரெட்டிப்பட்டி தாண்டிப் பொம்மிடியில் இறங்கினோம். சேர்வராயன் மலை பனி கலையாமல் நின்றது. ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர், அதில் ஒரு மொட்டைக் குழந்தை என் மடியில். ஊர் எட்டும் முன்பே ஆயா ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டாள். கொஞ்ச தூரமாவது நடந்து போனால்தான் நேர்த்திக்கடன் கணக்கில் சேருமாம். நடந்தோம். சாலையோரப் புளியமரங்களில் உலுக்கல் நடந்துகொண்டிருந்தது. கீழே சாக்கு விரித்து இரண்டு பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் என் செருப்பு வார் அறுந்தது. "மாதாவே கழட்டிட்டா பாரு" என்று ஆயாவுக்கு ஒரே சந்தோஷம். மிச்ச தூரம் வெறுங்கால்.

நடக்கும்போது செபமாலை சொன்னோம். அங்கேதான் எங்களுக்குள் தகராறு. நான், "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே." ஆயா, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே." நான் இயேசு என்றால் அவளுக்குச் சேசு. நான் "இறப்பின் வேளையிலும்" என்று முடித்துவிட்டு நிற்பேன். அவள் இன்னும் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று நிதானமாக வந்துகொண்டிருப்பாள். ஒவ்வொரு மணிக்கும் அவளுடைய ஆமெனுக்காக நான் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐம்பத்து மூன்று மணி. எத்தனை காத்திருப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

"பிரியதத்தம்னா என்ன ஆயா?"

"யாருக்குத் தெரியும்?"

"தெரியாமலா இத்தனை வருஷம் சொல்ற?"

"நீ உங்கம்மாவ அம்மான்னு அர்த்தம் பாத்தா கூப்பிட்ட?"

பிரியமாகத் தரப்பட்டது, அதாவது அருள். வடமொழிச் சொல். வேதம், குரு, பூசை, கோவில் போன்ற சொற்களைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு தத்துவ போதகர் என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்ட ராபர்ட் தெ நொபிலிக்கு உண்டு என்பார்கள். இத்தாலிக்காரர். காவி கட்டி, மரக்கறி உண்டு மதுரையில் வாழ்ந்தவர், 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். நம் எல்லையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான். இன்றைக்கும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'வேதக்காரங்க'. அந்தப் பெயர் எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

ஆயாவின் வாயில் போர்த்துக்கீசியமும் இருக்கிறது. நெற்றியில் சிலுவை போடும்போது "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து" என்பாள். பரிசுத்த ஆவிக்குப் போர்த்துக்கீசியர் சொன்ன பெயர் அது. கடலோரத்தில் கப்பலிலிருந்து இறங்கி, 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' காலத்துத் தமிழோடு கலந்து, கடலே பார்க்காத ஊத்தங்கரைப் பக்கத்துக் கிழவி நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாதாவின் கணவரான சூசையின் பெயரும் அப்படித்தான். எபிரேயத்து யோசேப்பு போர்த்துக்கீசிய வாயில் நுழைந்து சூசையாக நம்மிடம் வந்தார். வீரமாமுனிவர் என்ன செய்தார் என்றால், அந்தப் பெயரின் பொருளைப் பிடித்து, பெருகுவது, வளர்வது என்பதால், வளன் என்று வைத்தார். அந்த வளனைத் தலைவனாக்கி 36 படலம், 3615 பாடல் எழுதினார். அதுதான் தேம்பாவணி. எங்கள் தெருவில் தாத்தாக்கள் எல்லாம் சூசை. என் அக்கா மகன் வளன். ஒரே புனிதர்தான்.

நியாயமாகச் சொன்னால் நான் புதுத் தமிழ்ப் பக்கம். உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களில், லத்தீன் பூசை தமிழானபோது எத்தனை பேருக்கு வாசல் திறந்திருக்கும்! அதுவரை சாமியார் சுவரைப் பார்த்து எதையோ சொல்ல, சனங்கள் பின்னால் முட்டி போட்டுச் செபமாலை உருட்டினார்கள். ஆயாவே சொல்வாள்: "என்ன சொல்றாருன்னே தெரியாது, ஆனா மணி அடிச்சா தலை குனியணும்." ஆனாலும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு இருந்த பாவசங்கீர்த்தனம் என்ற பழைய சொல்லின் கனம், ஒப்புரவு என்ற புதுச் சொல்லில் எனக்குக் கிடைக்கவில்லை. சம்மனசு என்ற சொல் போய் வானதூதர் வந்ததில் ஏதோ ஒரு இறகு உதிர்ந்துவிட்டது.

பள்ளிப்பட்டியில் கால் வைக்க இடமில்லை. உப்பு மிளகுப் பொட்டலம், மெழுகுவர்த்தி, பொரி, வளையல் கடைகள். பொட்டு வைத்த பெண்களும் விபூதிக்காரர்களும் வரிசையில் எங்களுக்கு முன்னால். கொடிமரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆயா நேரே மாதாவிடம் போனாள். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்க்க முடியாமல் விரல் நடுங்கியது. நான் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்து, ஐந்து ரூபாய் நாணயங்களாக ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டாள். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பேர். என் அப்பா பேர், அத்தைமார் பேர், செத்துப்போன சின்னத்தாத்தா பேர், கடைசியில் எங்கள் சினைப்பசு. அதற்குப் பேர் இல்லாததால் 'மாடு' என்றாள்.

பூசையில் சாமியார் லூர்து நகர் கதையைச் சொன்னார். 1858. பெர்நதெத் என்ற பதினாலு வயது ஏழைச் சிறுமி. குகையில் பெண்ணொருத்தியைப் பதினெட்டு முறை பார்த்தாள். இது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குப் பிடித்த இடத்தை அவர் வேகமாகத் தாண்டிவிட்டார். 'நீங்கள் யார்' என்று திரும்பத் திரும்பக் கேட்டதற்கு மார்ச் 25 அன்று பதில் வந்தது: நாமே அமல உற்பவம். பாவ மாசில்லாமல் கருவானவள் என்று பொருள். சொன்னது பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு மொழியில் அல்ல, அந்தச் சிறுமி வீட்டில் பேசிய வட்டார மொழியில். அந்த வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. மறந்துவிடக் கூடாதே என்று பங்குச் சாமியார் வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனாளாம்.

ஆயாவைத் திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது இரண்டு பாட்டிலில் தீர்த்தம் பிடித்தோம். மந்திரித்த தண்ணீருக்கு எங்களிடம் அதுதான் பேர். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பக்கத்து வீட்டு அத்தைக்கு. அந்த அத்தை மாசியில் தீர்த்தமலைத் தேருக்குப் போய் ராமர் தீர்த்தத்தில் பிடித்து வரும் தண்ணீரில் ஆயாவுக்கும் ஒரு பாட்டில் உண்டு. முட்டியில் தடவிக்கொள்வாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாளா என்று நான் கேட்டதில்லை.

தேர்ப் பவனி பார்க்க ராத்திரி வரை இருக்க முடியவில்லை. கடைசி ரயிலைப் பிடிக்க ஓடிவந்தோம். ஜன்னலோர சீட்டில் ஆயா காலை நீட்டிக்கொண்டாள். வெறுங்காலில் நடந்த என் பாதத்தில் கொப்புளம். வண்டி நகர்ந்ததும் செபமாலை மறுபடி. இந்த முறை நான் அவளுடைய பாணியில் சொல்லிப் பார்த்தேன். "பிரியதத்தத்... பிரியதத்ததத்..." என்று நாக்கு மாட்டிக்கொண்டது.

ஆயா சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.

"மெதுவா சொல்லுடா சாமி. மொரப்பூரே இன்னும் வரலை."