பிஜாப்பூரில் மூன்று நாட்கள்: மூன்று தலைமுறைக் கல்லறைகள்

ஜனவரி 9, வெள்ளி

2014-இல் விஜயபுரா என்று பெயர் மாறியும், ஆட்டோக்காரர் முதல் விடுதிக்காரர் வரை எல்லார் வாயிலும் இன்னும் பிஜாப்பூர்தான்.

கூட்டம் சேருமுன், மெல்லிய ஓசையும் எதிர்ப்புறம் வரை கேட்கும் முணுமுணுப்பு மாடத்தை அடைந்துவிட வேண்டும் என்று, கதவு திறந்த கையோடு கோல் கும்பஸுக்குள் நுழைந்து, மூலைக் கோபுரத்தின் குறுகிய படிகளில் ஏழு அடுக்கும் மூச்சிரைக்க ஏறினோம். 1656-இல் மறைந்த பிஜாப்பூர் சுல்தான் முகமது அடில் ஷாவின் கல்லறை இது. ஏறத்தாழ 44 மீட்டர் வெளிவிட்டமுள்ள குவிமாடத்தின் கீழ் ஒரு தூண்கூட இல்லை. சுவர்களிலிருந்து எழும் எட்டு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு உள்நோக்கிச் சாய்ந்து, சதுரக் கூடத்தை மேலே செல்லச் செல்ல வட்டமாக்கிவிடுகின்றன. படங்களில் பிடிபடாத இந்தச் சூத்திரம், மாடத்திலிருந்து குனிந்து பார்த்ததும் விளங்கியது. எதிர்ப்புறத்தில் என் மனைவி நுழைவுச்சீட்டைக் கசக்கிய ஓசை என் காதருகே கேட்டது. பிறகு பள்ளிப் பிள்ளைகள் கூச்சலோடு வந்தார்கள். முணுமுணுப்புக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று.

கீழே மேடையில் இருப்பவை அடையாளக் கற்களே. உண்மையான சமாதிகள் நிலவறையில் உள்ளன. சுல்தானின் அருகே நடனக்காரி ரம்பாவுக்கும் இடம் உண்டு.

ஜனவரி 10, சனி

காலையில் 'மாலிக்-இ-மைதான்' பீரங்கியைப் பார்த்தோம். 1549-இல் அகமதுநகரில் வார்க்கப்பட்டது. எடை சுமார் 55 டன். அதன் வாய், யானையைக் கடித்து நசுக்கும் விலங்கின் முகம்.

மீதி நாள் முழுவதையும் இப்ராகிம் ரௌசாவுக்கே கொடுத்தோம். முகமதுவின் தந்தை இரண்டாம் இப்ராகிம், தம் அரசி தாஜ் சுல்தானாவுக்காகத் தொடங்கி, 1627-இல் தாமும் அடங்கிய இடம். மகனுடைய கட்டடத்தின் முன் இது சிறியதுதான். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இங்கேதான் வருவேன். சாளரங்களில் கல்லையே எழுத்துகளாகத் துளைத்திருக்கிறார்கள். உள்ளே இருட்டில் நின்றால், அந்த எழுத்துகளின் இடைவெளியில்தான் வெளிச்சம் வருகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

இப்ராகிமின் பேரன் இரண்டாம் அலி அடில் ஷா தந்தை முகமதுவையும் விஞ்ச நினைத்துத் தமக்கெனத் தொடங்கிய பாரா கமான் என்னும் கல்லறை, 1672-இல் அவர் இறந்தபின் கூரையின்றியே நின்றுவிட்டது. 1686-இல் ஔரங்கசீப்பிடம் நகரமே வீழ்ந்தது. கோல் கும்பஸின் உட்புறத்தில் சுண்ணப்பூச்சு மூடியிருப்பதை இங்கே வெறுங்கண்ணால் பார்க்கலாம்: வளைவின் ஒவ்வொரு கரிய கல்லும் எந்தச் சாய்வில் அடுத்ததைத் தாங்குகிறது என்பது அப்படியே தெரிகிறது. ஒரு வளைவின் கற்களைக் கீழிருந்து எண்ணத் தொடங்கினேன். உச்சியை எட்டுமுன் காவலர் விசில் ஊதிவிட்டார்.