உவர்நீர்க் கரையில் ஒரு காப்பி இயந்திரம்

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த முதல் காப்பி இயந்திரம், கீழக்கரையில் எங்கள் வீட்டில் பதினான்கு மாதங்கள்தான் உழைத்தது. ஒரு நாள் காலையில் பம்ப் உறுமியதே தவிர, கோப்பையில் காப்பி சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்த மின்சாதனப் பழுதுக்காரர், நீர் சூடேறும் பகுதியிலிருந்து வெளிவரும் சிறு குழாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பேனா ரீஃபில் நுழைய வேண்டிய துவாரத்தில் குண்டூசி நுழையும் இடமே மீந்திருந்தது. வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போன்ற வெளிறிய உப்பு, உட்சுவர் முழுவதும் கல்லாக இறுகியிருந்தது. தயாரித்த நிறுவனத்தின் சேவைப் பிரிவினரோ, வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கு இங்கே உத்தரவாதம் இல்லை என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். இரண்டாவது இயந்திரத்தை வாங்கும்போது, எத்தனை வகைப் பானம் தரும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எங்கள் ஊர்த் தண்ணீரையும் காற்றையும் எது தாங்கும் என்ற கேள்வியைக் கையில் எடுத்தேன்.

அதற்கு, பொத்தானை அழுத்தியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மேலே உள்ள தொட்டியில் வறுத்த காப்பிக் கொட்டை இருக்கிறது. பற்கள் கொண்ட இரண்டு வளையங்களுக்கு இடையே அது நொறுங்கி, ஒரு கோப்பைக்கு 7 முதல் 11 கிராம் வரையிலான தூளாகக் கீழே உள்ள சிறு அறைக்குள் விழுகிறது. மிக்ஸியைப் போலக் கத்தி சுழன்று வெட்டுவதில்லை என்பதால் தூள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கிறது. ஒரு பிஸ்டன் அந்தத் தூளை வில்லையாக அழுத்துகிறது. முதலில் சிறிதளவு வெந்நீர் பாய்ந்து வில்லையை நனைத்துச் சில வினாடிகள் ஊறவிடுகிறது. அதன்பிறகே பம்ப், 90 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில் உள்ள நீரை முழு அழுத்தத்தில் செலுத்துகிறது. அரை நிமிடத்துக்குள் 30 அல்லது 40 மில்லி அடர்த்தியான காப்பி, மேலே பொன்னிற நுரையுடன் இறங்கிவிடும். பிஸ்டன் பின்வாங்க, பிழிந்த சக்கை வில்லையாகவே சக்கைப் பெட்டியில் போய் விழும். இத்தாலியின் சேகோ நிறுவனம் 1985இல் வீட்டுக்கென்று இத்தகைய முழுத் தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் இருப்பவற்றின் அடிப்படை அமைப்பும் அதுவே.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடும் 15 பார், 19 பார் என்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு; அந்த எண்கள் பம்ப் எட்டக்கூடிய உச்ச அழுத்தம். காப்பி இறங்கத் தேவைப்படுவதோ 9 பார் அளவுதான். அரைக்கும் வளையம் பீங்கானா எஃகா என்ற வாதத்திலும் நான் நேரம் செலவிடவில்லை. பீங்கான் சூடேறுவது குறைவு, சத்தமும் சற்றுக் குறைவு. ஆனால் கொட்டையோடு ஒரு சிறு கல் கலந்து வந்துவிட்டால் எஃகு மழுங்கும், பீங்கான் உடையும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். இராமநாதபுரம் கரையில் கிணறு தோண்டியவர் எவருக்கும் உவர்ப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஊருணியை நம்பி வாழ்ந்த மாவட்டம் இது. இன்று காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது, வராத நாளில் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறோம். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் சூடு பட்டவுடன் கரையாத படிவாக மாறி, எந்த இடம் மிகவும் சூடாக இருக்கிறதோ அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. வீட்டு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் நீர் கொதிகலனில் தேங்குவதில்லை. தெர்மோபிளாக் எனப்படும் உலோகக் கட்டிக்குள் ஓடும் குறுகிய பாதையிலேயே சூடாகிறது. ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அந்தக் குறுகிய பாதை. எங்கள் குழாய் அடைபட்ட கதையும் அதுதான். கிணற்று நீரில் உள்ள சாதாரண உப்போ வேறு வகையில் கெடுதல் செய்கிறது. அதன் குளோரைடு எஃகைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். படிவு நீக்கும் அமிலம் கால்சியத்தைக் கரைக்குமே ஒழிய, அரித்த உலோகத்தைத் திருப்பித் தராது.

ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றினால் போதுமே என்று காக்கா (அண்ணன்) சொன்னார். படிவைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கனிமம் அறவே இல்லாத நீரில் காப்பி சப்பென்று இறங்குகிறது. சில இயந்திரங்களில் நீர் இருப்பதை மின்கடத்தலால் அறியும் உணரி, மிகத் தூய நீரைக் கண்டால் தொட்டி காலி என்று அடம்பிடிக்கவும் செய்யும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு, ஆர்.ஓ. நீரோடு கொதிக்கவைத்து ஆறிய காவிரி நீரைக் கலந்து லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராமுக்குள் நிறுத்துகிறேன். இயந்திரத்தோடு வரும் பட்டையை அந்த நீரில் நனைத்துக் கடினத்தன்மையைப் பார்த்து, அதே அளவை இயந்திரத்திலும் பதிந்துவிட வேண்டும். படிவு நீக்கச் சொல்லி விளக்கு எரிவது அந்தக் கணக்கை வைத்துத்தான். வினிகர் ஊற்றும் பழக்கம் இங்கு பலரிடம் உண்டு. ரப்பர் வளையங்களுக்கு அது ஆகாது.

அடுத்து, காற்று. சோழகம் என்னும் தென்காற்று வீசும் மாதங்களில் எங்கள் சன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அந்த ஈரத்தில் சக்கைப் பெட்டியை இரண்டு நாள் மறந்துவிட்டால் மூன்றாம் நாள் வெண்பூஞ்சை பூத்திருக்கும். ஆகவே காப்பி இறங்கும் பகுதியைக் கையால் கழற்றி எடுக்க முடிய வேண்டும் என்பதை மாற்ற முடியாத நிபந்தனையாக வைத்தேன். டிலாங்கி, பிலிப்ஸ் இயந்திரங்களில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அதை உருவிக் குழாயடியில் கழுவலாம். சுவிட்சர்லாந்தின் யூராவில் அது உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும், மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். யூராவின் காப்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூஞ்சையைக் கண்ணால் பார்த்துக் கையால் தேய்த்தால்தான் எனக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமைதோறும் கழற்றி, சோப்புப் போடாமல் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுகிறேன். கொட்டையையும் தொட்டி நிறையக் கொட்டுவதில்லை, இரண்டு நாளைக்கு வேண்டியது மட்டும் போடுகிறேன். மீதி இறுக மூடிய டப்பாவில் இருக்கிறது.

கொட்டை வாங்குவதும் இங்கே எளிதன்று. மதுரையில் வறுத்து அரைத்துத் தரும் கடையில் அரைக்காமல் கொடுங்கள் என்று கேட்டபோது, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எண்ணெய் மினுக்கும் அளவுக்குக் கருக வறுத்த கொட்டை அரைப்பானில் அப்பிக்கொள்ளும் என்பதால் நடுத்தர வறுவலாகக் கேளுங்கள். சிக்கரியை இதில் சேர்க்க வழியில்லை. அது வேர், வறுத்துப் பொடித்ததில் பெரும்பங்கு நீரில் கரைந்து பிசினாகிவிடும். தூள் போடும் தனித் துவாரம் இருக்கிறதே என்று சிக்கரி கலந்த தூளை ஒரு முறை போட்டுப் பார்த்தேன். வில்லை சேறாகி, வடிகட்டித் தகட்டைப் பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. ஃபில்டரில் தானாக வடியும் டிகாஷனின் சுவையை எதிர்பார்த்து இதை வாங்குபவர் ஏமாந்துபோவார். அராபிகா வகைக் கொட்டையோடு மூன்றில் ஒரு பங்கு ரோபஸ்டா வகையைச் சேர்த்தால் பாலுக்கு ஈடுகொடுக்கும் கனம் கிடைக்கிறது. நான் அதோடு அமைந்துவிட்டேன்.

பாலில்தான் உம்மாவுக்கும் (அம்மாவுக்கும்) இயந்திரத்துக்கும் ஒத்துவரவில்லை. "ஏன் வாப்பா, இது பச்சத்தண்ணி மாதிரில இருக்கு" என்று முதல் மிடறிலேயே தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். பாலை நுரைக்கவைக்கும் இயந்திரங்கள் அதை 60, 65 பாகை வரைதான் சூடாக்கும். அடுப்பிலிருந்து பொங்க இறக்கிய பாலில் பழகிய நாவுக்கு அது வெதுவெதுப்புதான். கறந்த பாலை இயந்திரம் காய்ச்சிவிடும் என்றும் எண்ண வேண்டாம்; முதலில் காய்ச்சி, ஆறவைத்து, குளிரூட்டி, ஏட்டை வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டும், இல்லையேல் ஏடு சிறு குழாயில் சிக்கி மறுநாள் நாறும். பிலிப்ஸின் லாட்டேகோ குடுவையில் குழாயே கிடையாது, இரண்டு துண்டாகப் பிரித்துக் கழுவலாம். நான் அதையும் விட்டு, நீராவிக் குழாய் மட்டும் உள்ள எளிய வகையை எடுத்தேன். விலையும் குறைந்தது. உம்மாவுக்கு அடுப்புப் பாலில் இயந்திரத்தின் காப்பியைக் கலந்து கொடுக்கிறேன்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவருவோருக்கு ஒரு சொல். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள சவூதி அரேபியாவைத் தவிர, துபாய் உள்ளிட்ட மற்ற இடங்களில் மின்சாரம் நம்முடையதைப் போன்ற 50 ஹெர்ட்ஸ் என்பதால் இயந்திரம் ஓடும், ஆனால் 1450 வாட் இழுக்கும் பொருளை மலிவான மாற்று பிளக்கில் சொருகாமல், 16 ஆம்ப் பிளக்காகவே மாற்றிவிடுங்கள். எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசரும் வைத்திருக்கிறேன். பெருநாளன்று பத்துப் பேர் வந்தால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேலாகும், நடுவில் சக்கைப் பெட்டியைக் கொட்டச் சொல்லியும் நிற்கும்; அன்று ஃபில்டரையும் பரணிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

கருப்பட்டிக் காப்பி குடிப்பவர்கள், கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டிய பாகைத் தம்ளரின் அடியில் முதலில் ஊற்றிக்கொண்டு, அதன்மேல் காப்பியை இறக்கலாம். நீர்த்தொட்டியில் மட்டும் எதையும் கரைக்கக் கூடாது. கொதிக்கும் பாலில் அடிக்கடி திரிந்துபோகும் கருப்பட்டி, உம்மா குறைசொன்ன அந்த 65 பாகைப் பாலில் இதுவரை எனக்கு ஒரு முறையும் திரியவில்லை.