ஜாஸ்மோனேட் கேள்விக்கு மனப்பாடம் போதாது, படம் போடுங்க

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் (ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) எழுதுகிறவர்களில் பலர், ஜாஸ்மோனேட் மாதிரியான தாவர ஹார்மோன்கள் வரும் பகுதியைப் பெயர்ப் பட்டியலாக உருப்போட்டுவிட்டுப் போகிறார்கள். பார்ட் பி-க்கு அது ஓரளவு கைகொடுக்கும். பார்ட் சி-யில் ஒரு மியூட்டன்ட்டை (ஒரு ஜீன் மாறிப்போன செடியை) கொடுத்து, பூவின் வாசனை கூடுமா குறையுமா என்று கேட்டால் பட்டியல் உதவாது, ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தப்பாகப் போட்டால் கால் பங்கு கழிவு வேறு.

நான் பிடித்துக்கொண்டது அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பச் சிறு செடி) பூ. கிராம்பிலும் மிளகிலும் இருக்கிற கேரியோஃபிலின் என்ற வாசனைப் பொருள்தான் அந்தப் பூவிலிருந்தும் வருகிறது, அதைச் செய்யும் என்சைம் டிபிஎஸ்21. அதன் ஜீனை இயக்குவது எம்ஒய்சி2 என்ற புரதம், ஆனால் சாதாரண நேரத்தில் ஜாஸ் புரதம் அதைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். ஜாஸ்மோனேட் (ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்த வடிவம்) வந்ததும் ஜாஸையும் சிஓஐ1 என்ற ஏற்பிப் புரதத்தையும் ஒட்டவைக்கிறது, ஜாஸ் மேல் 'இதைச் சிதை' என்ற அடையாளமாக யுபிக்விட்டின் ஏறுகிறது, செல்லின் புரதச் சிதைப்பானான புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடுகிறது, எம்ஒய்சி2 விடுபடுகிறது. அவ்வளவுதான் கதை. டெல்லா புரதமும் இதே எம்ஒய்சி2-ஐப் பிடிக்கும், டெல்லாவை ஒழிப்பது ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன், அதனால் இந்தப் பூவில் இரண்டு ஹார்மோனும் வாசனையைக் கூட்டுகின்றன.

இதை ஒரு தாளில் வரையுங்கள். தூண்டினால் அம்பு, தடுத்தால் முனையில் குறுக்குக் கோடு. அப்புறம் ஒவ்வொரு பெயராக அடித்துப் பாருங்கள். சிஓஐ1 இல்லாவிட்டால்? சிதையாத ஜாஸ் இருந்தால்? புரோட்டியசோமை நிறுத்தும் எம்ஜி132 கொடுத்தால்? மூன்றிலும் வாசனை குறையும்தான். ஆனால் ஜாஸ்மோனேட்டையே தயாரிக்க முடியாத ஏஓஎஸ் மியூட்டன்ட்டை இவற்றோடு சேர்த்துவிடாதீர்கள், அதற்கு வெளியிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் தெளித்தால் சரியாகிவிடும், சிஓஐ1 மியூட்டன்ட்டுக்கு எவ்வளவு தெளித்தாலும் பலனில்லை. பொறி வைக்க வசதியான இடம் இது. (மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-ல் பிரித்தெடுத்தது நம்ம ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான்.)

பெட்யூனியாப் பூவின் மணத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே வருவது கேரியோஃபிலின் மாதிரியான டெர்பீன் இல்லை, ஃபீனைலாலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வரும் பென்சினாய்டுகள். அதற்கான ஜீன்களை ஓடிஓ1 என்ற புரதம் இயக்குகிறது, செடியின் இரவு-பகல் கடிகாரப் புரதமான எல்எச்ஒய் அந்த ஓடிஓ1-ஐக் காலையில் அடக்கிவைக்கிறது, அதனால்தான் அந்திக்கு மேல் மணம். தனித் தாளில் தனிப் படமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.